6. சளி யாருக்காவது பிடிக்குமா?
தொடரடைவு மென்பொருளைக் கையாளும் முறை

வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்று. 'எனக்குத் தோசை பிடிக்கும்', 'எனக்கு மழை பிடிக்கும்' என்று பிள்ளைகள் நன்றாகவே சொல்லப் பழகியிருந்தார்கள். அடுத்த வாரப் பாடத்தில் 'மழையில் நனைந்தால் சளி பிடிக்கும்' என்று ஒரு வரி வந்தது. பத்து வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், சளி யாருக்காவது பிடிக்குமா?"

"அது வேற 'பிடிக்கும்', இது வேற 'பிடிக்கும்' கண்ணா" என்று ஆசிரியை சமாளித்தார். அப்படியானால் மொத்தம் எத்தனை 'பிடி' இருக்கிறது? மீன் பிடிக்கிறோம், குடை பிடிக்கிறோம், ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடிக்கிறோம். குழந்தை அடம் பிடிக்கிறது, இரும்பு துருப் பிடிக்கிறது, வேலை நேரம் பிடிக்கிறது. அதற்கு மேல் யோசித்தால் நினைவு முரண்டு பிடிக்கிறது. முரண்டு பிடிப்பதும் ஒரு 'பிடி' என்பது எழுதிய பிறகுதான் உறைக்கிறது.

தாய்மொழிக்காரருக்கு உள்ள சிக்கல் இது. பேசும்போது எல்லாம் சரியாக வரும். கேட்டால் எடுத்துக் கொடுக்க வராது. அந்த இடத்தில் கைகொடுக்கும் கருவிதான் தொடரடைவு மென்பொருள்.

தொடரடைவு என்பது

ஒரு சொல் ஒரு நூலில் எங்கெங்கே வருகிறது என்று பக்க எண்ணோ பாடல் எண்ணோ கொடுத்தால் அது சொல்லடைவு. அந்தச் சொல் வரும் தொடரையும் சேர்த்துக் கொடுத்தால் தொடரடைவு. 13ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் தலைமையில் லத்தீன் விவிலியத்துக்கு அடைவு தொகுத்தார்கள். ஒரு மடமே சேர்ந்து செய்த வேலை அது. 1949இல் ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலிய ஏசு சபைத் துறவி, தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளுக்கு அடைவு தயாரிக்க ஐபிஎம் நிறுவனத்தின் துளை அட்டை இயந்திரங்களை நாடினார். அது 56 தொகுதிகளாக அச்சாகி முடிய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. தமிழிலும் இந்த உழைப்பு உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. இன்று ப. பாண்டியராஜா தொகுத்த சங்க இலக்கியத் தொடரடைவை 'சங்கச்சோலை' இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

நீங்கள் பயன்படுத்தப்போகும் மென்பொருள் அதே வேலையை, நீங்கள் தரும் எந்தத் தமிழ் உரைக்கும், சில நொடிகளில் செய்யும். தேடிய சொல் திரையின் நடுவில் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இடமும் வலமும் அது வந்த தொடரின் துண்டுகள் இருக்கும். மேலிருந்து கீழாகப் படிப்பதுதான் இதைப் படிக்கும் முறை. ஒவ்வொரு வரியையும் முழுதாகப் படிக்க உட்கார்ந்தால் பயன் பாதியாகிவிடும்.

என்ன வேண்டும்

இந்த அத்தியாயத்தில் 'ஆன்ட்கான்க்' மென்பொருளை எடுத்துக்கொள்கிறோம். ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கியது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வகுப்பறையிலும் வேலை செய்யும். 'ஸ்கெட்ச் என்ஜின்' போன்ற கட்டணத் தளங்களில் தமிழ் இணையப் பக்கங்களிலிருந்து திரட்டிய பெரிய தரவகமே உள்ளது. ஆனால் முதலில் நாமே உரை சேர்த்து, நாமே தேடிப் பழகுவது நல்லது. எந்த உரையில் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் விடையை எடைபோட முடியும்.

அப்படிச் சேர்த்த உரைத் தொகுப்புக்குப் பெயர் தரவகம். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்னுரையாக இலவசமாகத் தருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல உள்ளன. கல்கி, புதுமைப்பித்தன் இருவரின் எழுத்துகளும் நாட்டுடைமை ஆனவை என்பதால் தொடக்கத்துக்கு அவர்களே போதும். இரண்டு லட்சம் சொற்கள் சேர்ந்தால் 'பிடி', 'கொடு', 'பற்றி' போன்ற அன்றாடச் சொற்களுக்கு வேண்டிய அளவு வரிகள் கிடைத்துவிடும். அரிய சொற்களுக்கு இது போதாது. எந்தத் தரவகத்திலும் பெரும்பங்குச் சொற்கள் ஓரிரு முறைதான் தலைகாட்டும். விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும் தமிழில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல்.

உரையைச் சேமிக்கும்போது மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள்.

ஒன்று, வெற்று உரைக் கோப்பாக, யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமியுங்கள். விண்டோஸ் நோட்பேடில் 'சேவ் ஆஸ்' கொடுத்தால் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் கீழே இருக்கும். பாமினி, டாப், டிஸ்கி எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

இரண்டு, கோப்பின் பெயரில் ஆசிரியரும் ஆண்டும் இருக்கட்டும். பிறகு ஒரு வரியைப் பார்த்து 'இது எந்தக் காலத் தமிழ்' என்று கேட்கும்போது அந்தப் பெயர்தான் பதில் சொல்லும்.

மூன்று, மதுரைத் திட்டக் கோப்புகளின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வரும் நன்றிக் குறிப்புகளையும், விக்கிமூலப் பக்கங்களில் வரும் பக்க எண்களையும் நீக்கிவிடுங்கள்.

முதல் சோதனை: 'தமிழ்' உடைகிறதா?

மென்பொருளைத் திறந்து, 'ஃபைல்' பட்டியிலிருந்து 'கார்ப்பஸ் மேனேஜர்' செல்லுங்கள். கோப்புகளைச் சேர்த்து, தரவகத்துக்கு ஒரு பெயர் இட்டு, 'கிரியேட்' அழுத்துங்கள். உடனே தேடத் தொடங்க வேண்டாம். 'வேர்டு' என்ற பட்டியைத் திறந்து சொற்பட்டியலைப் பாருங்கள்.

'ஒரு', 'என்று', 'அந்த' போன்ற முழுச் சொற்கள் மேலே இருந்தால் எல்லாம் சரி. 'க', 'த', 'ழ' என்று ஒற்றை எழுத்துகள் வரிசைகட்டி நின்றால் கோளாறு இருக்கிறது. யூனிகோடில் கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். மென்பொருளின் கணக்கில் அவை எழுத்து வகையில் சேராமல் 'மார்க்' என்ற வேறு வகையில் சேரும். எழுத்தை மட்டும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும்படி அமைப்பு இருந்தால், ஒவ்வொரு குறியிலும் சொல் முறியும். 'தமிழ்' என்ற சொல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாகும்.

மருந்து எளிது. 'டோக்கன் டெஃபினிஷன்' என்ற அமைப்பைத் தேடி, எழுத்தோடு 'மார்க்' வகையையும் சேர்த்துவிட்டு, தரவகத்தை மறுபடி உருவாக்குங்கள். பதிப்புக்குப் பதிப்பு இந்த அமைப்பு இருக்கும் இடம் மாறும், பெயர் அதுதான். தமிழுக்கு இந்த மென்பொருள் ஒத்துவராது என்று கைவிட்டவர்களில் பலர் இந்த ஒரு படியில் நின்றவர்களாகத்தான் இருப்பார்கள்.

தேடுதல்: புள்ளியை விடுங்கள்

'குவிக்' என்பது தொடரடைவுப் பட்டியின் பெயர். அதில் 'மரம்' என்று தேடினால் 'மரம்' மட்டும் வரும். 'மரத்தை', 'மரங்கள்', 'மரமும்' வராது. உடுக்குறி எத்தனை எழுத்துக்கும் பொதுவான குறி. எனவே 'மரம்*' என்று இட்டுப் பார்க்கத் தோன்றும். அப்போதும் 'மரமும்' வராது. 'மரம்' என்பதில் புள்ளி இருக்கிறது. 'மரமும்' என்பதில் அந்த மகரத்தின் மேல் புள்ளி இல்லை, உகரக் குறி இருக்கிறது.

அதனால் புள்ளியை விட்டுவிட்டு 'மரம*' என்று தேடுங்கள். 'மரம்', 'மரமும்', 'மரமாக', 'மரமே' எல்லாம் வலையில் விழும். 'மரத*' என்றால் 'மரத்தை', 'மரத்தில்' வரும். 'மரங*' என்றால் பன்மை வரும். 'மரத*' தேடும்போது 'மரத்துப்போன' கையும் காலும் உடன் வரும். அதைக் கண்ணால்தான் கழிக்க வேண்டும். மூன்று முறை தேடுவானேன் என்று 'மர*' என்று இட்டுவிடாதீர்கள். 'மரபு', 'மரணம்' வருவதோடு 'மருந்து', 'மரியாதை' எல்லாம் சேர்ந்து கொட்டும். நம் கண்ணுக்கு 'ரு' வேறு எழுத்து. கணினிக்கு அது 'ர' என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு குறியும்.

இன்னொரு பொறி எழுத்துக்கூட்டில் உள்ளது. 'கௌரவம்' என்பதைப் பலர் ககரத்துக்கு எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளரவம்' என்று எழுதிவிடுவார்கள். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'ஔவை'க்கும் இதே கதி. இத்தகைய சொல்லை இரண்டு வடிவிலும் தேடிப் பாருங்கள்.

சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் தமிழில் ஆளுக்கு ஆள் மாறும். 'பிடி*' என்று தேடினால் 'அடம் பிடித்தான்' வரும், 'அடம்பிடித்தான்' வராது. முன்னாலும் உடுக்குறி இட்டு '*பிடி*' என்று தேடினால் 'தீப்பிடித்தது', 'புகைபிடிக்கிறார்' வருவதோடு 'கண்டுபிடித்தார்' வண்டி வண்டியாக வரும். உரையாடல் மிகுந்த கதையாக இருந்தால் 'அப்பிடியா', 'எப்பிடி' என்பவையும் எட்டிப் பார்க்கும். சலித்துக்கொள்ள வேண்டாம். வீசிய வலை அகலமானால் குப்பையும் வரும். கழிப்பது நம் வேலை.

அடுக்குதல்: இடப்பக்கம் பாருங்கள்

தேடியதும் வரும் வரிகள் வலப்பக்கச் சொல்லின்படி அடுக்கப்பட்டிருக்கும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய வழிகாட்டிகள் பலவும் அங்கிருந்தே தொடங்கும். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால்தான் செயப்படுபொருள் வரும், முன்னிடைச்சொல் வரும். தமிழில் வினை கடைசியில் நிற்கும். அது எதை வேண்டி நிற்கிறது என்பது அதற்கு முன்பே, இடப்பக்கத்தில், சொல்லப்பட்டிருக்கும். வேற்றுமை உருபு ஏற்ற பெயர் அங்கே இருக்கிறது. 'பற்றி', 'குறித்து', 'மீது' போன்ற சொல்லுருபுகள் தழுவும் பெயரும் அங்கேதான். எனவே தமிழ் வினையைத் தேடும் ஒவ்வொரு முறையும் அடுக்கும் முறையை இடப்பக்கம் மாற்றி, '1எல்', '2எல்', '3எல்' என்று தேர்ந்துகொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

'பிடி'யை இடப்பக்கம் அடுக்கினால் என்ன தெரியும்? கீழே உள்ள வரிகள் விளக்கத்துக்காக நான் எழுதியவை. உங்கள் தரவகத்தில் வேறு வரிகள் இருக்கும். தெரியும் வடிவம் இதைப் போலத்தான் இருக்கும்.

பொம்மை வேண்டும் என்று அடம் | பிடித்து | அழுதது குழந்தை
ஊருக்குப் போகமாட்டேன் என்று அடம் | பிடித்தாள் |
கடைசிப் பேருந்தைப் | பிடிக்க | ஓடினோம்
மழையில் நனைந்து சளி | பிடித்துக்கொண்டது |
குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சளி | பிடிக்கும் | என்றாள் பாட்டி
கிணற்றுச் சங்கிலி துருப் | பிடித்துக் | கிடந்தது
அவருக்கு இந்தத் தோசை | பிடிக்கும் |
கடைசிப் பேருந்தைப் | பிடிக்க | ஓடினோம்


இரண்டாவது தடவை மேலிருந்து கீழாக ஓட்டினால் குழுக்கள் தாமே பிரியும். இரண்டாம் வேற்றுமை 'ஐ' இருந்தால் பெரும்பாலும் கையாலோ ஓடியோ பற்றுவது. உருபில்லாமல் 'அடம்' வந்தால் அது ஒட்டிப்போன தொடர். 'அடத்தைப் பிடித்தான்' என்று யாரும் எழுதவில்லை என்பதும் திரையிலேயே தெரியும். 'சளி', 'துரு', 'பைத்தியம்' எல்லாம் தாமாக வந்து பிடிப்பவை, பிடிபடுவது நாமோ பொருளோ. நான்காம் வேற்றுமையில் ஆள் இருந்து, பக்கத்தில் உணவோ ஊரோ மனிதரோ இருந்தால் விருப்பம்.

அந்தச் சிறுமி தடுமாறிய இடமும் இங்கே வெளிச்சமாகிறது. 'எனக்குத் தோசை பிடிக்கும்', 'எனக்குச் சளி பிடிக்கும்' இரண்டிலும் உருபு ஒன்று, வினைமுற்று ஒன்று. இலக்கணம் இரண்டையும் பிரித்துக் காட்டாது; பக்கத்தில் நிற்கும் பெயர்தான் பிரிக்கிறது. அவள் கேட்டது தவறான கேள்வியே இல்லை.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்லுதல்

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த டிம் ஜான்ஸ், மாணவர் கையிலேயே தொடரடைவு வரிகளைக் கொடுத்து விதியை அவர்களே கண்டறியச் செய்யும் முறையை வளர்த்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்டு அகராதி, தரவகத்தை அடித்தளமாகக் கொண்டு எழுதப்பட்டது. தமிழில் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் அச்சில் வந்த எழுத்துகளிலிருந்து சொற்களைத் திரட்டியே பொருள் எழுதியது. அகராதிக்காரர்கள் செய்வதைச் சிறிய அளவில் வகுப்பில் செய்து பார்ப்பதுதான் நம் வேலை. அதற்கு ஒவ்வொரு மாணவர் முன்னும் கணினி வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு தாள் போதும்.

1. மாணவர் எழுத்திலோ பேச்சிலோ வந்த ஒரு தடுமாற்றத்தைக் கேள்வியாக்குங்கள். கேள்வி சிறியதாக இருக்கட்டும்.

2. தேடி, இடப்பக்கம் அடுக்கி, முழுப் பட்டியலையும் முதலில் நீங்கள் படியுங்கள். பழைய கதைகளில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தும் வரிகள், பிள்ளைகளுக்கு ஆகாத வரிகள் வரும். பார்க்காமல் அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு விழிக்க வேண்டாம்.

3. பத்து முதல் பதினைந்து வரிகளைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கநிலை மாணவருக்கு அருஞ்சொல் உள்ள வரிகளைத் தவிருங்கள். ஆனால் நீங்கள் சொல்ல நினைக்கும் விதிக்கு ஒத்துவரும் வரிகளை மட்டும் பொறுக்காதீர்கள். முரண்படும் வரி ஒன்றிரண்டாவது இருக்க வேண்டும்.

4. தாளைக் கொடுத்து, 'இந்த வரிகளைக் குழுவாகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் பெயர் வையுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். பத்து நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். ஆறில் கடினமான படி இதுதான். தடுமாறுவது மாணவர் அல்லர், ஆசிரியர்.

5. அவர்கள் வைத்த பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, அதன் பிறகே இலக்கணப் பெயரைச் சொல்லுங்கள். 'தானா வந்து பிடிக்கிறது' என்று ஒரு குழு எழுதினால் அதுவே அந்த வாரத்துக்குப் போதுமான இலக்கணம்.

6. நடுச்சொல்லை மறைத்துவிட்டு அடுத்த வாரம் அதே வரிகளைத் திரும்பக் கொடுங்கள். எந்த வினை வரும் என்று இடப்பக்கத்தை வைத்து அவர்கள் சொன்னால் பாடம் பதிந்துவிட்டது.

எச்சரிக்கை

தரவகத்தில் இல்லை என்பதால் தமிழில் இல்லை என்று தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு லட்சம் சொற்களில் வராதது இருபது லட்சத்தில் வரலாம். இருக்கிறது என்பதாலேயே இன்றைய வகுப்புக்கு ஏற்றது என்றும் ஆகாது. கல்கி 1954இல் காலமானார். அவர் தமிழில் இயல்பாக இருந்த தொடர் இன்றைய பிள்ளைக்குப் பழையதாக ஒலிக்கலாம். கதைத் தமிழை மட்டும் சேர்த்துவிட்டு 'தமிழில் இப்படித்தான்' என்றும் சொல்ல முடியாது. செய்தித் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு. மட்டக்களப்புக்கும் மதுரைக்கும் சொல் மாறும். எண்ணிக்கையைச் சொல்லும்போது எந்த உரையில், எத்தனை சொல்லில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதிப்புரிமை உள்ள நூல்களை உங்கள் சொந்தப் படிப்புக்குத் தேடிப் பார்க்கலாம் என்றாலும், அந்தக் கோப்புகளைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

பயிற்சிகள்

1. 'தம' என்ற துண்டு உங்கள் சொற்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அமைப்பைத் திருத்துங்கள்.

2. 'பயப்பட*' என்று தேடி இடப்பக்கம் அடுக்குங்கள். 'நாய்க்குப் பயப்படு', 'நாயைப் பார்த்துப் பயப்படு', 'நாயிடம் பயப்படு' ஆகிய மூன்றில் எவை உங்கள் தரவகத்தில் உள்ளன? எது மிகுதி?

3. தன்மைக்கும் முன்னிலைக்கும் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்ற வேறுபாட்டைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் பேசுகிறது. 'கொட*' என்று தேடி, இடப்பக்கத்தில் 'எனக்கு', 'உனக்கு' வரும் வரிகளையும் 'அவனுக்கு', 'அவளுக்கு' வரும் வரிகளையும் தனித்தனியே எண்ணுங்கள். 'கொடி', 'கொடுமை' எல்லாம் கூட வரும், கழித்துவிடுங்கள். பிறகு 'தந்த*', 'தரு*' என்று தேடி அதையே செய்யுங்கள். பழைய விதி எங்கே நிற்கிறது, எங்கே நெகிழ்ந்திருக்கிறது என்று அரைப்பக்கம் எழுதுங்கள்.

4. உங்கள் மாணவர் கேட்டு நீங்கள் சமாளித்த ஒரு கேள்வியை நினைவுகூருங்கள். அதற்குப் பதினைந்து வரி எடுத்து ஒரு தாள் தயாரியுங்கள். மூன்று பயிற்சிகளை விட்டாலும் இதை விடாதீர்கள். கேட்ட பிள்ளைக்கு நாம் பதில் கடன்பட்டிருக்கிறோம்.